மருத்துவச்சியின் பேரேடு

வட அமெரிக்காவில் கென்னபெக் ஆற்றின் கரையில் ஹாலோவெல் என்றொரு ஊர். இன்று மெய்ன் மாநிலத்தில் இருக்கிறது. அன்று மாசசூசெட்ஸின் வடகோடி. 1785 ஜனவரி முதல் நாள், அந்த ஊரில் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மருத்துவச்சி ஒருவர், மடித்துத் தைத்த தாள்களில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கடைசிக் குறிப்பை எழுதியது 1812 மே 7ஆம் தேதி. இடையில் இருபத்தேழு ஆண்டுகள், ஏறக்குறைய பத்தாயிரம் நாட்கள். பனி விழுந்தது, துணி துவைத்தது, ஆற்றைக் கடந்தது, பிள்ளை பிறந்தது, பிணத்தைக் கழுவி உடுத்தியது, ஆறு ஷில்லிங் வரவேண்டியது என்று எல்லாமே அதில் ஒரே மாதிரியான கையெழுத்தில், ஒரே குரலில் எழுதப்பட்டிருக்கின்றன. அவர் பார்த்ததாக அதில் குறித்திருக்கும் பிரசவங்கள் மட்டும் 816.

அவர் பெயர் மார்த்தா பாலர்ட். பெண்களின் வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு இன்று தெரிந்த பெயர். ஆனால் அந்த நாட்குறிப்பு வரலாற்று ஆய்வாளர்களின் கண்ணில் படாமல் கிடந்து பின்னர் கண்டெடுக்கப்பட்ட புதையல் என்று நினைத்துவிட வேண்டாம். அது இருப்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பகுதியின் வரலாற்றை 1870இல் எழுதிய ஜேம்ஸ் நார்த் அதைப் படித்திருக்கிறார். சில இடங்களைத் தவிர்த்தால் பொதுவாசகருக்கு அதில் ஒன்றும் இல்லை என்பது அவருடைய தீர்ப்பு. பிறகு வந்த சார்ல்ஸ் நாஷ் பகுதி பகுதியாக வெட்டிச் சுருக்கித் தன் நூலில் சேர்த்துக்கொண்டார். சொன்னதையே திரும்பச் சொல்கிறாள் என்பது அவருக்கு இருந்த குறை. இந்தக் குறையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். சமையல், துவையல், நெசவு, பிரசவம், நோயாளிக்குப் பக்கத்தில் கண் விழிப்பது ஆகியவை ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்ப நடக்கிறவை. நேற்று துவைத்ததால் இன்று துவைக்காமல் இருக்க முடியாது. திரும்பத் திரும்ப நடப்பது வரலாறு ஆகாது என்று ஒரு விதி வைத்துவிட்டால், அந்த ஒரு விதியே பாதி மக்களை ஏட்டிலிருந்து கழித்துவிடும்.

பெண்ணிய ஆய்வு நூல்களுக்கும் அந்தக் காகிதக் கட்டோடு என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலகக் குரல் எதுவும் அதில் இல்லை. கணவனைத் திட்டவில்லை, கடவுளைக் கேள்வி கேட்கவில்லை, வாக்குரிமை பற்றி ஒரு வரி கிடையாது. லாரல் தாட்சர் உல்ரிச் என்ற வரலாற்றாசிரியர்தான் பல ஆண்டுகள் அதனோடு உட்கார்ந்து, சலிப்பூட்டும் அந்த அன்றாடமே அதன் பலம் என்று காட்டினார். 1990இல் வந்த அவருடைய ‘எ மிட்வைஃப்ஸ் டேல்’ நூலுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. நான் மார்த்தாவிடம் போய்ச் சேர்ந்தது அந்த நூல் வழியாகத்தான். பிறகு நாட்குறிப்பையே படிக்கத் தொடங்கினேன். முதல் சில மாதங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். எழுத்துப்பிழைகளும் சுருக்கெழுத்துகளும் பெயர்களுமாக ஒரு காடு. ஓராண்டுக் குறிப்புகளைத் தாண்டிய பிறகு ஊர் மெல்லப் பிடிபட ஆரம்பித்தது. யார் வீட்டில் தறி இருக்கிறது, யாருக்கு இது எத்தனையாவது பிள்ளை, யார் இன்னும் பணம் தரவில்லை என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது.

குறிப்புகளின் அமைப்பு ஏறத்தாழ மாறாதது. முதலில் வானிலை. அடுத்து கணவர் எஃப்ரெய்ம் எங்கே போனார் என்பது: அவர் நிலம் அளக்கிறவர், மர அறுவை ஆலையும் நடத்தியவர். பிறகு தான் எங்கே போனேன், பெண்கள் என்ன வேலை செய்தார்கள், வீட்டுக்கு யார் வந்தார்கள். பக்க ஓரத்தில் பிரசவக் கணக்கு. ஒவ்வொரு பிறப்புக்கும் எண் போட்டிருப்பார். கூலி வந்து சேர்ந்தால் அதற்கு ஓர் அடையாளம். வழக்கமான கூலி ஆறு ஷில்லிங். அது காசாகவும் வரும். சர்க்கரை, தேயிலை, துணி, மெழுகுவத்தி என்றும் வரும். நாம் ‘டைரி’ என்றதும் மனம் திறந்து எழுதுவதை நினைக்கிறோம். இது அதுவல்ல, பேரேடு. நம் வீடுகளில் தினசரிக் காலண்டரின் தாளில் பெண்கள் கிறுக்கி வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: சிலிண்டர் வந்த நாள், பால்காரருக்குக் கொடுத்தது, சீட்டுப் பணம், எவருக்கும் புரியாத ஒரு சின்ன வட்டத்தில் மாதவிலக்குத் தேதி. ஆண்டு முடிந்ததும் அந்தத் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். மார்த்தாவின் தாள்கள் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுதத் தெரிந்திருந்தது என்பதும் ஒரு வித்தியாசம். அதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. அவர் குடும்பத்து ஆண்களில் கல்லூரியில் படித்தவர்கள் உண்டு, மருத்துவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர், நாவிதர் என்று அழைக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள். அவர்களை எல்லா வீட்டுக்குள்ளும் அவசரத்துக்கு அழைத்த சாதி, அவர்கள் கையில் எழுத்து போய்ச் சேர விடவில்லை. தமிழில் நாட்குறிப்பு என்றால் நமக்கு நினைவு வருகிற பெரும் ஆவணம் ஆனந்தரங்கப் பிள்ளையுடையது. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதப்பட்டது. அவர் துபாஷி, வணிகர், துய்ப்ளேயின் வலக்கை. அதில் தனித்து நிற்கும் பெண் துய்ப்ளேயின் மனைவி. பிள்ளைக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அந்த நாட்குறிப்பை நான் விரும்பிப் படிப்பவள்தான். ஆனால் அந்தக் கால் நூற்றாண்டில் புதுச்சேரித் தெருக்களில் பிறந்த பிள்ளைகளை யார் கையில் ஏந்தினார்கள் என்பதை அதில் தேட முடியாது.

ஹாலோவெல்லுக்குத் திரும்புகிறேன். பிரசவ வலி தொடங்கியதும் கணவரோ அண்டை வீட்டுக்காரரோ வந்து மார்த்தாவை அழைத்துப் போவார். ஆற்றின் இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பிரசவம் என்றால் கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் நடை. பனி உருகும் பருவம்தான் மோசம்: நடக்கவும் முடியாது, படகும் போகாது. மிதக்கும் மரக்கட்டைகளின் மேல் கால் வைத்து ஓடையைக் கடந்த இரவையும், குதிரையிலிருந்து விழுந்த நாட்களையும் அவர் எழுதியிருக்கிறார். எல்லாம் ஓரிரு வரிகள்தான். வலி முற்றும்போது அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லியனுப்புவார்கள். அவர்கள் கூடி வருவார்கள், தாங்கிப் பிடிப்பார்கள், முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பிறகு தாயைக் கவனிக்க ஒரு பெண் தங்குவாள். ஊர் என்பது சபையும் தேவாலயமும் ஆலையும் மட்டும் அல்ல, இந்த இரவுக் கூட்டங்களும்தான் என்பது இந்த ஒரு நாட்குறிப்பால் தெரிகிறது. ஆண்கள் எழுதி வைத்த ஆவணங்களில் இந்த ஊர் கிடையாது. அதே ஹாலோவெல்லில் ஹென்றி சூவல் என்பவரும் நாட்குறிப்பு எழுதினார். அவர் ஊரின் முக்கியஸ்தர். அவர் எழுத்தில் மதச் சர்ச்சைகள் நிறைய.

மார்த்தாவின் திறமைக்குக் கணக்கே சாட்சி. இத்தனை பிரசவங்களில் பேற்றின்போதே இறந்த தாய் ஒருவரும் இல்லை. பின்வந்த நாட்களில் இறந்தவர்கள் ஐந்து பேர். ஊருக்கு இளம் மருத்துவராக வந்த பெஞ்சமின் பேஜ், வலி ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு லாடனம் என்ற அபின் மருந்தைக் கொடுத்து மயக்கத்தில் ஆழ்த்தியதையும், அதனால் வலி நின்றுபோனதையும் மார்த்தா பதிவு செய்கிறார். பின்னால் அதே மருத்துவரின் கைப்பட்ட பிரசவங்கள் கெட்டபோது, இவர் தொழிலில் பாவம், அதிர்ஷ்டம் கெட்டவர் என்கிற தொனியில் ஒரு வரி. மார்த்தாவின் அகராதியில் அதைவிடக் கடுமையான வசை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதேசமயம் ‘மருத்துவச்சிக்கும் மருத்துவருக்கும் போர்’ என்று எளிதாக எழுதிவிடவும் முடியாது. பிணப் பரிசோதனைகள் நடந்தபோது மருத்துவர்கள் மார்த்தாவையும் உடன் அழைத்திருக்கிறார்கள்; பார்த்ததை அவர் உறுப்பு உறுப்பாகக் குறித்து வைத்திருக்கிறார்.

இந்த நாட்குறிப்பில் என்னைத் தூங்கவிடாமல் செய்தவை இரண்டு பெண்களைப் பற்றிய பக்கங்கள்.

முதலாமவர் சாலி பியர்ஸ். மணமாகாதவர். 1791 அக்டோபரில் அவருக்குப் பிரசவ வலி. அங்கே மார்த்தாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1786இல் மாசசூசெட்ஸ் இயற்றிய சட்டத்தின்படி, மணமாகாமல் பிள்ளை பெறுகிறவள் வலியின் உச்சத்தில் தகப்பன் பெயரைச் சொன்னால் அது நீதிமன்றத்தில் சாட்சியமாகும். உயிர் போகிற வலியில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அதன் பின்னுள்ள பழைய நம்பிக்கை. கேட்க வேண்டியவர் மருத்துவச்சி. மார்த்தா கேட்டார். சாலி சொன்ன பெயர் ஜோனதன் பாலர்ட், மார்த்தாவின் மகன். தாய் அதைத் தன் கையாலேயே நாட்குறிப்பில் எழுதினார். பூசி மெழுகவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. நான்கு மாதங்களில் ஜோனதனுக்கும் சாலிக்கும் திருமணம் நடந்தது.

இந்த இடத்தில் பெண்ணியர்களான நாம் என்ன நிலை எடுக்கிறோம்? எனக்குத் தெளிவான பதில் கிடைக்க நாளாயிற்று. வலியில் துடிக்கிற பெண்ணிடம் விசாரணை நடத்துவது கொடுமை. அரசின் கை மருத்துவச்சியின் கை வழியாகப் பிரசவ அறைக்குள் நுழைகிறது. இருந்தாலும் அந்தக் கேள்வியால்தான் சாலி போன்ற பெண்ணுக்கு ஒரு பிடி கிடைத்தது. அவள் சொல்லை ஊர் ஏற்றது. ஆண் பராமரிப்புச் செலவு கொடுக்க வேண்டும், அல்லது கட்டிக்கொள்ள வேண்டும். இது அரிதான சங்கதியும் இல்லை. 1785க்கும் 1797க்கும் இடையில் மார்த்தா பார்த்த முதல் பிரசவங்களில் 38 சதவீதம் திருமணத்துக்கு முன்பே கருத்தரித்தவை என்று உல்ரிச் கணக்கிட்டிருக்கிறார். பெரும்பாலானவர்களுக்குப் பிள்ளை பிறப்பதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. அந்தக் காலத்து ஒழுக்கம் என்று கற்பனையில் கட்டி வைத்திருக்கும் கோட்டை, ஒரு மருத்துவச்சி பக்க ஓரத்தில் இட்ட எண்களின் முன் நிற்பதில்லை. ஊர் இதையெல்லாம் பெரிய அவமானமாகக் கருதிப் பெண்ணை ஒதுக்கியதாகவும் குறிப்புகளில் இல்லை. பிள்ளைக்குத் தகப்பன் யார், சோறு போடப் போவது யார் என்பதுதான் கேள்வியாக இருந்திருக்கிறது.

இரண்டாமவர் ரெபேக்கா ஃபாஸ்டர். ஊர்த் தேவாலயத்தின் குரு ஐசக் ஃபாஸ்டரின் மனைவி. குருவுக்கும் ஊரில் ஒரு பகுதியினருக்கும் சச்சரவு முற்றி அவர் பதவி இழந்திருந்த காலம். 1789இல் கணவர் ஊரில் இல்லாதபோது ஆண்கள் சிலர் தன்னைப் பலாத்காரம் செய்ததாக ரெபேக்கா குற்றம் சாட்டினார். அவர்களில் ஒருவர் நீதிபதி ஜோசஃப் நார்த், ஊரின் முதல் வரிசை மனிதர். ரெபேக்கா இதை முன்பே, அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே, மார்த்தாவிடம் சொல்லியிருந்தார். மார்த்தா என்ன செய்தார்? வேறு எவரிடமும் இதைச் சொல்லிவிடாதே, உன் பெயர்தான் கெடும் என்று கெஞ்சினார். அதையும் பிறகு அவரே எழுதி வைத்திருக்கிறார்.

மார்த்தாவை வீரநாயகி ஆக்க விரும்புகிறவர்களுக்கு இந்தப் பக்கம் இடறும். எனக்கும் இடறியது. நம் அம்மாக்களும் அத்தைகளும் சொன்ன அதே வார்த்தை. பேருந்தில், வேலையிடத்தில், உறவுக்காரர் வீட்டில் நடந்ததை அவர்களிடம் சொல்லப் போய், ‘வெளியே சொல்லாதே’ என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்த பெண்கள் நம்மில் எத்தனை பேர். மார்த்தா அப்படிச் சொன்னது ரெபேக்காவை நம்பாததால் அல்ல என்பது குறிப்புகளில் தெரிகிறது. நம்பினார். ஊரையும் அறிந்திருந்தார். நீதிபதி மீது புகார் சொல்கிற, பதவி இழந்த குருவின் மனைவிக்கு என்ன நடக்கும் என்ற கணக்கு அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது. ஆனால் ரெபேக்கா அடங்கவில்லை, வழக்குப் போட்டார். 1790 ஜூலையில் பவ்னல்பரோவில் விசாரணை நடந்தபோது, வாயை மூடு என்று சொன்ன அதே மார்த்தா பயணம் போய்ச் சாட்சி சொன்னார். நார்த் விடுதலையானார். தான் பேசிக் கேட்ட எல்லாருக்கும் அந்தத் தீர்ப்பு பெரும் வியப்பு என்று மார்த்தா எழுதுகிறார். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. ஃபாஸ்டர் குடும்பம் ஊரை விட்டே போயிற்று.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஊர், ஒரே சட்டப் புத்தகம், இடைவெளி பதினைந்து மாதம். மணமாகாத சாலியின் சொல் சாட்சியம். மணமான, குருவின் மனைவியின் சொல் சாட்சியம் ஆகவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய செலவு ஊர்ப் பொதுப்பணத்தின் தலையில் விழும். ஆகவே அங்கே பெண்ணின் சொல் ஊருக்குத் தேவைப்பட்டது. பலாத்காரம் மரண தண்டனைக்குரிய குற்றம். அங்கே அவள் சொல்லை நம்பினால் ஒரு நீதிபதியைத் தூக்கில் போட வேண்டும். பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அந்தச் சொல்லால் யாருக்கு மிச்சம், யாருக்கு நஷ்டம் என்று ஊர் முதலில் பார்த்துக்கொள்கிறது. நாட்குறிப்பை ஓரங்கட்டிய ஜேம்ஸ் நார்த்தும் அந்த நீதிபதியின் குடும்ப வழிவந்தவரே என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

நெசவைப் பற்றிச் சுருக்கமாக. மகள்கள் ஹன்னாவும் டாலியும் வீட்டில் இருந்தவரை தறி ஓய்ந்ததில்லை. சணல் நூலும் துணியும் வீடு வீடாகப் போய் வந்தன. இந்தப் பண்டமாற்று பெண்களின் கையில் இருந்தது. ஆண்களின் கணக்குப் புத்தகங்களில் அது ஏறவில்லை. மகள்கள் கல்யாணமாகிப் போனதும் வீட்டு வேலை முழுவதும் மார்த்தாவின் முதுகில் விழுந்தது. பிரசவத்துக்குப் போய் இரவெல்லாம் கண் விழித்துவிட்டுத் திரும்பினால் துவைக்காத துணியும் கூட்டாத வீடும் காத்திருக்கும். கூலிக்கு வந்த பெண்கள் சொல் கேட்பதில்லை என்று அலுத்துக்கொள்வார். அந்த வேலைக்காரப் பெண்களும் நாட்குறிப்பு எழுதியிருந்தால் கதை வேறு மாதிரி இருக்கும், அதுவும் உண்மை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது மார்த்தாவுக்கு வயது அறுபத்தைந்து. அந்த நூற்றாண்டுப் பக்கங்கள்தான் படிக்கக் கனமானவை. எஃப்ரெய்ம் ஊருக்கு வரி வசூலித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். முழுத்தொகையைக் கட்ட முடியவில்லை. 1804இல் கடன்காரர் சிறைக்குப் போனவர் ஓராண்டுக்கும் மேல் அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் மகன் ஜோனதன் குடும்பத்தோடு வந்து வீட்டை எடுத்துக்கொண்டார். மார்த்தா ஓர் அறைக்குள் ஒதுங்கினார். வெட்டிக் கொடுக்க ஆளில்லாமல் விறகுக்குத் திண்டாடியது, மகனின் முன்கோபம், மருமகளோடு மனத்தாங்கல் எல்லாம் வருகின்றன. மருமகள் வேறு யாருமில்லை, அந்த சாலிதான். இருபது ஆண்டுகளாகச் சம்பாதித்த பெண், ஊரில் பாதிப் பேரைத் தன் கையில் ஏந்தியவர், கணவர் இல்லாத வீட்டில் விருந்தாளி போலக் குடியிருந்தார். மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை இல்லாத சட்டம் என்று பாடநூலில் ஒரு வரியில் படிப்பது, குளிர்காலத்தில் விறகில்லாத அடுப்பாக இங்கே இருக்கிறது.

1806 ஜூலையில் ஒரு நள்ளிரவு. கேப்டன் பர்ரிண்டன் என்பவர் தன் மனைவியையும் பிள்ளைகளையும் வெட்டிக் கொன்றுவிட்டுத் தானும் செத்தார். உயிரோடு தப்பி நிலைத்தது ஒரு மகன் மட்டும். ஊரே திரண்டு ஈமச்சடங்கு நடத்தியது, அச்சடித்த துண்டறிக்கைகள் விற்றன. மார்த்தாவின் குறிப்பிலும் இருக்கிறது. அதற்கு முந்தைய, பிந்தைய பக்கங்களில் தோட்டவேலையும் இருக்கிறது. ‘சிறு நகரத்து அமைதி’ என்று ஏங்குகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்கலாம். அதேபோல அந்த நிலம் யாருடையது என்பதையும். கென்னபெக் பள்ளத்தாக்கு வபனாக்கி மக்களின் நாடு. எஃப்ரெய்ம் அளந்ததெல்லாம் பெருநில முதலாளிகளுக்காக. நிலம் பறிபோகும் என்று அஞ்சிய ஏழைக் குடியேறிகள் பூர்வகுடிகளைப் போல வேடமிட்டு வந்து நில அளவையாளர்களைத் தாக்கினார்கள். 1795இல் எஃப்ரெய்மிடமிருந்து திசைகாட்டியைப் பறித்துக்கொண்டு விரட்டியிருக்கிறார்கள். மார்த்தாவுக்குக் கணவரின் உயிர் பற்றிய கவலை இருக்கிறது. உண்மையான பூர்வகுடிகள் பற்றி அவர் பக்கங்களில் மிகச் சொற்பம். இந்தப் பேரேட்டுக்கு அந்த வரவு எட்டவில்லை.

இன்னொரு மௌனமும் உண்டு. மணமான பெண்களை மார்த்தா கணவர் பெயரால்தான் பெரும்பாலும் குறிக்கிறார்: இன்னாரின் மனைவிக்கு மகன் பிறந்தான், இன்னாரின் மனைவிக்கு மகள். அவள் பெயர் என்ன என்று தேட ஊர்ப் பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறது. சொந்தப் பெயரோடு நிற்பவர்கள் மணமாகாமல் பிள்ளை பெற்றவர்கள்.

மனம் திறந்த நாட்குறிப்பு வேண்டுமானால் இரண்டு தலைமுறை தள்ளிப் போக வேண்டும். அயோவா மாநிலத்தில் மான்செஸ்டர் என்ற சிறு ஊரை ஒட்டிய பண்ணையில் வாழ்ந்த எமிலி ஹாலி கில்லெஸ்பி, 1858 முதல் 1888இல் சாகும்வரை முப்பது ஆண்டுகள் எழுதினார். கோழி, வான்கோழி, வெண்ணெய் விற்று வந்த காசு எதற்குப் போனது, மகனையும் மகளையும் எப்படிப் படிக்கவைத்தார், கணவரின் கோபம் எப்படி ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவரே ஓரிடத்தில், எவ்வளவோ எழுதியிருக்கிறேன், ஆனால் மிக மோசமானது என்னோடு புதைந்துபோக வேண்டிய ரகசியம் என்ற பொருளில் சொல்கிறார். எனவே மனம் திறந்த நாட்குறிப்பிலும் ஒரு கதவு பூட்டித்தான் இருக்கிறது. அவர் மகள் சாரா 1873இல் சிறுமியாகத் தொடங்கிய தன் நாட்குறிப்பை 1952 வரை கொண்டுபோனார்.

மார்த்தாவின் தாள்களைக் காப்பாற்றியவர்களும் பெண்கள்தான். மகள் டாலி வைத்திருந்தார், பிறகு டாலியின் மகள்கள். 1884இல் குடும்பத்தின் அடுத்த தலைமுறையில் மேரி ஹோபார்ட் என்ற பெண் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்த மூத்த பெண்கள், இது உனக்குத்தான் சேர வேண்டியது என்று நாட்குறிப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவம் பெண்களை வெளியே தள்ளிவிட்டு, பின்னர் சிரமப்பட்டுத் திரும்ப அனுமதித்த நூற்றாண்டு அது. வெளியே தள்ளப்பட்ட தலைமுறையின் ஏடு, கதவைத் தட்டி உள்ளே போன தலைமுறையின் கைக்கு வந்தது. மேரி ஹோபார்ட் அதற்கென்று மகோகனிப் பெட்டி ஒன்று வைத்திருந்தார். 1930இல் மெய்ன் மாநில நூலகத்துக்குக் கொடுத்தார். நாட்குறிப்பு ஒரு வரியும் விடாமல் முழுதாக அச்சேறியது 1992இல்தான்.

மார்த்தா 1769இல் மூன்று வாரத்துக்குள் தொண்டை அடைப்பான் நோய்க்கு மூன்று மகள்களைப் பறிகொடுத்தவர். அப்போது ஹன்னாவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். அடுத்த மாதமே பிரசவம். பதினாறு ஆண்டுகள் கழித்துத்தான் நாட்குறிப்பு தொடங்குகிறது. ஜூன், ஜூலை பிறந்தால் மழைக்கும் துவையலுக்கும் நடுவே, இன்று அவள் இறந்து இத்தனை ஆண்டு என்று ஒரு வரி எழுதியிருப்பார். வேறு விவரம் இருக்காது. அடுத்த வரியில் யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்துபோயிருப்பார்.

1812 வசந்தத்தில் எழுபத்தேழு வயது. உடம்பு முடியவில்லை. ஆனாலும் ஏப்ரல் இறுதிவரை பிரசவங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஓரத்தில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் இறந்தபோது உள்ளூர்ச் செய்தித்தாள் போட்ட அறிவிப்பு ஒரே வரி: எஃப்ரெய்மின் மனைவி, இத்தனை வயது. செய்த தொழிலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மே 7ஆம் தேதியிட்ட கடைசிக் குறிப்பில் மருமகள் வந்திருக்கிறார், பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், குரு வந்து அவர் நிலைக்கு ஏற்ற ஒரு ஜெபம் செய்திருக்கிறார். அதற்கும் முன்னால், வழக்கம்போல முதல் வரியில் வானிலை: பெரும்பாலும் தெளிவு, கடுங்குளிர், காற்று.